ஒரு வருஷத்து விருந்தாளிகள்

பல தேசங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு ஜன சமூகத்தைக் கட்டி நிறுத்தும் கயிறு எது என்பது பழைய கேள்வி. மதமே என்பார் சிலர். பணமே என்பார் சிலர். மகாநாடுகளும் தீர்மானங்களும் போதும் என்று எண்ணுவோரும் உளர். யூதர்கள் இம்மூன்றையும் நெடுங்காலம் கையாண்டு பார்த்தவர்கள். இப்போது நான்காவதொரு வழியையும் அவர்கள் கைக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்த இஸ்ரேலிய வாலிபர்களும் யுவதிகளும் ஆண்டுதோறும் கடல் கடந்து சென்று, அயல் நாட்டு யூதக் குடும்பங்களின் வீடுகளில் தங்கி, ஒரு முழு வருஷம் ஊதியம் கருதாது தொண்டு செய்கிறார்கள். இவ்வேற்பாட்டைப் புகழ்வோரும் உண்டு, சந்தேகிப்போரும் உண்டு. இரு சாராரும் பிள்ளைகளை அனுப்பும் தேசத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஏற்கும் வீட்டைப் பற்றி யோசிப்பவர் குறைவு. நமது அபிப்பிராயத்தில், இம்முயற்சியின் நன்மையும் தீமையும் அந்த வீட்டிலேதான் தீர்மானமாகின்றன. அதன் காரணத்தை இன்று எடுத்துக் கூற விரும்புகிறோம்.

முதலில் ஏற்பாட்டின் விவரம். இஸ்ரேலில் யூத வாலிபர்கள், ஆண் பெண் என்ற பேதமின்றி, 18 வயதில் கட்டாய ராணுவ சேவைக்குச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். பள்ளிக்கும் பட்டாளத்துக்கும் நடுவே ஒரு வருஷத்தைப் பொதுத் தொண்டுக்கு ஒதுக்கிக் கொள்ள ஒருவர் விரும்பினால், அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தின் மூலம் அவ்வாறு செய்யலாம். ராணுவம் அந்த ஒரு வருஷத்துக்கு அவரது சேர்க்கையை ஒத்தி வைக்கிறது; கடமையிலிருந்து விடுவிப்பதில்லை. இதற்கு ஹீப்ரு பாஷையில் ‘ஷ்னாத் ஷெரூத்’, அதாவது சேவை ஆண்டு, என்று பெயர். இரண்டு சொற்களும் ‘ஷின்’ என்னும் எழுத்தில் தொடங்குவதால், இத்தொண்டர்களை ‘ஷின்ஷினிம்’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டிலேயே, தூரத்துச் சிற்றூர்களிலும் ஏழைச் சிறுவர் பயிலும் பள்ளிகளிலும், பலர் ஒன்றாகக் கூடி வாழ்ந்து வேலை செய்கிறார்கள். ஒரு சிறு பகுதியினரே அயல் நாடுகளுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

அனுப்பும் ஸ்தாபனங்களில் முதன்மையானது யூத ஏஜென்ஸி. அது 1929இல் தோன்றியது. 1948இல் இஸ்ரேல் ராஜ்யம் அமையுமுன், பாலஸ்தீனத்து யூதர்களுக்கு ஏறக்குறைய ஒரு சர்க்காரைப் போல் இருந்து காரியங்களை நடத்திய ஸ்தாபனம் அதுவே. ராஜ்யம் அமைந்த பின் குடியேற்றமும் அயல் நாட்டு யூதருடனான உறவும் அதன் முக்கிய வேலைகளாயின. விண்ணப்பம் செய்யும் வாலிபர்களைப் பல படிகளில் பரீட்சித்துத் தேர்ந்து, பயிற்சி அளித்து, வட அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலுள்ள யூத சமூகங்களுக்கு அது அனுப்புகிறது. கனடாவின் டொராண்டோ நகரம் இத்தகையோரைப் பெருந்தொகையாக ஏற்று வரும் இடங்களுள் ஒன்று. கோடையின் கடைசியில் அவர்கள் வந்து சேர்கிறார்கள். பகலில் யூதப் பள்ளிகளில் ஹீப்ரு பேசக் கற்பிக்கிறார்கள். ஜெபாலயங்களைச் சார்ந்த வாராந்தர வகுப்புகளில் உதவுகிறார்கள். சிறுவர் முகாம்களை நடத்துகிறார்கள். இரவில் ஒரு குடும்பத்தின் மேஜையில் உட்கார்ந்து உண்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் ஒரு வருஷத்தில் இரண்டு மூன்று வீடுகள் மாறுவது பல ஊர்களில் வழக்கம். செலவின் பெரும் பங்கை உள்ளூர்ச் சமூகம் ஏற்கிறது. தொண்டருக்குக் கைச்செலவுக்கென ஒரு சிறு தொகை கிடைக்கிறது, சம்பளம் கிடையாது.

அந்தப் புண்ணிய பூமியிலிருந்து தூதர்கள் புறப்பட்டு அயல் நாட்டு யூதர்களின் வாயிலில் வந்து நிற்பது புதிய காரியமன்று. பல நூற்றாண்டுகளாக எருசலேம், ஹெப்ரான், சஃபேத், திபேரியா ஆகிய நான்கு நகரங்களின் ஏழை யூதர்கள், உலகமெங்கும் தங்கள் ரபிகளை அனுப்பி நிதி திரட்டி வந்தார்கள். எருசலேமில் 1724இல் பிறந்த ஹயீம் யோசேஃப் தாவீத் அசூலாய் ஹெப்ரானுக்காக ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சுற்றி, தம் யாத்திரையைக் குறிப்பேடாக எழுதி வைத்தார். ஹெப்ரானைச் சேர்ந்த ரபி ஹயீம் கரிகால் 1773இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரத்து ஜெபாலயத்தில் பிரசங்கம் செய்தார். பின்னாளில் யேல் கலாசாலையின் தலைவரான எஸ்ரா ஸ்டைல்ஸ் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் அச்சபையில் அமர்ந்து கேட்டு, அவரோடு நட்புக் கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் யாக்கோப் சஃபீர் என்பவர் எருசலேமில் ஒரு ஜெபாலயம் கட்டும் பொருட்டு யேமன், இந்தியா, ஆஸ்திரேலியா வரை பிரயாணம் செய்தார். நமது கொச்சியில் வாழ்ந்த யூதர்களையும் அவர் கண்டு சென்றார். அவரது யாத்திரை நூலின் முதற் பாகம் 1866இல் அச்சாயிற்று.

அப்பெரியோருக்கும் இன்றைய தொண்டர்களுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவர்கள் தாடி நரைத்த பண்டிதர்கள். இவர்கள் மீசை அரும்பும் பருவத்தினர். அவர்கள் பெற்றுக் கொள்ள வந்தார்கள். இவர்கள் தம் வயதில் ஒரு வருஷத்தைக் கொடுக்க வருகிறார்கள். அவர்கள் சபைக்கு விருந்தாளிகள்; இவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள். இம்மூன்றாவது வேற்றுமையே நமக்கு முக்கியமானது. சபையில் பேசுபவர் தம் முகத்தை ஆயத்தம் செய்து கொண்டு வருகிறார். அவர் நாலு நாள் தங்கிப் போய்விடுவார். அவரைப் பற்றி ஊரார் அறிவது அவர் காட்ட விரும்பியதை மாத்திரமே. நாலு மாதம் ஒரே கூரையின் கீழ் வாழும் பிள்ளையோ எதையும் மறைக்க முடியாது. தலைவலியோடு எழுந்திருக்கும் காலையும், தாயை நினைத்துச் சோற்றைத் தள்ளும் இரவும் வீட்டாருக்குத் தெரிந்துவிடும். அவ்வாறே வீட்டாரின் குறையும் நிறையும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

இத்தகைய நெருக்கத்துக்கு என்ன அவசியம் என்று சிலர் கேட்கலாம். உலகத்திலுள்ள யூதர்கள் ஒன்றரைக் கோடிக்குச் சற்று அதிகமானவர்கள். ஏறக்குறைய சரிபாதியினர் இஸ்ரேலிலும், மற்றவர்கள் பிற நாடுகளிலும் வாழ்கிறார்கள். பிற நாடுகளில் இருப்போரில் மிகப் பெரும் பகுதியினர் அமெரிக்காவில் உள்ளார்கள். இவ்விரு பாதிகளும் ஒரே வம்சத்தின் கிளைகளாயினும், வாழ்க்கை முறையில் வெகு தூரம் விலகி வளர்ந்திருக்கின்றன. எலியேசர் பென் யெஹூதா 1881இல் எருசலேமுக்கு வந்து, வழிபாட்டிலும் ஏட்டிலும் வாழ்ந்த ஹீப்ருவை வீட்டுப் பேச்சாக்க முனைந்தார். இன்று அங்கே குழந்தை தாயிடம் சண்டையிடுவதும் அந்தப் பாஷையிலேதான். அமெரிக்க யூதச் சிறுவனுக்கோ ஹீப்ரு இன்னும் பிரார்த்தனைப் புஸ்தகத்தின் எழுத்து. வாயாடியான ஒரு பெண் அந்தப் பாஷையிலேயே பந்தாட்டத்தைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும் பேசக் கேட்கும்போதுதான், அது உயிருள்ள பாஷை என்பது அவன் நெஞ்சில் பதிகிறது. நூறு பாடங்கள் செய்யாததை அது செய்துவிடுகிறது.

ஆனால் கற்பிப்பவர் விருந்தாளி மாத்திரமே என்று எண்ணுவது பிசகு. இஸ்ரேலில் பிறந்த பிள்ளை யூதனாக இருப்பதற்கு எந்த முயற்சியும் செய்ய வேண்டுவதில்லை. வாரத்தின் ஓய்வு நாள் சப்பாத்து. பண்டிகை வந்தால் பள்ளிக்கு விடுமுறை. யோம் கிப்பூர் என்னும் உபவாச தினத்தில் வீதிகளில் வாகனம் ஓடுவதில்லை. பஞ்சாங்கத்தைச் சர்க்காரே பார்த்துக் கொள்கிறது. அயல் நாட்டு யூதனுக்கோ ஒவ்வொன்றும் சொந்தத் தீர்மானம். பண்டிகைக்கு அலுவலகத்தில் விடுப்புக் கேட்க வேண்டும். பிள்ளையை யூதப் பள்ளியில் சேர்க்கப் பெருந்தொகை கட்ட வேண்டும். ஜெபாலயத்துக்குச் சந்தா செலுத்த வேண்டும். இவை ஒன்றையும் செய்யாமல் இருந்துவிட்டாலும் அவனைக் கேட்பாரில்லை. கேட்பாரில்லாத இடத்தில் ஒருவன் தன் மரபை விடாது காக்கிறான் என்றால், அதில் ஒரு தைரியம் இருக்கிறது. மதப் பற்றில்லாத இஸ்ரேலியக் குடும்பத்தில் வளர்ந்த வாலிபர்கள் பலர், வெள்ளிக்கிழமை மாலையில் விளக்கேற்றி ஒரு குடும்பம் ஒன்றாக உட்காருவதன் அருமையை அயல் நாட்டிலேதான் உணர்கிறார்கள். யூத மதத்துக்குள்ளேயே சீர்திருத்த மார்க்கம் ஒன்று உண்டு. அம்மார்க்கத்தார் அமெரிக்காவில் 1972இல் ஒரு ஸ்திரீயை ரபியாக நியமித்தார்கள். அன்று முதல் ஸ்திரீகள் பலர் அப்பதவி வகித்து வருகிறார்கள். இஸ்ரேலில் சீர்திருத்த ரபி நடத்தி வைக்கும் விவாகம் சட்டப்படி செல்லாது. ஒரு மார்க்கமே யூத மார்க்கம் என்று எண்ணி வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பாடம்!

இனி, இவ்வேற்பாட்டுக்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களைப் பார்ப்போம். நெகேவ் பாலைவனத்துச் சிற்றூர்களில் தொண்டர் தேவைப்படும்போது, செல்வம் மிகுந்த அமெரிக்க நகரங்களுக்குப் பிள்ளைகளை அனுப்புவது தகுமா என்பது முதல் ஆட்சேபம். இது நியாயமான கேள்வியே. உள்நாட்டுத் தொண்டுக்கே பெரும் பங்கு ஒதுக்கப்படுகிறது என்பது பாதி விடை மாத்திரம். அயல் நாட்டிலிருந்து திரும்பும் வாலிபன் தன் தேசத்துக்கு எதைக் கொண்டு வருகிறான் என்பதைப் பொறுத்தே மற்றப் பாதி விடை அமையும். அவன் வெறும் பயணக் கதைகளைக் கொண்டு வந்தால் ஆட்சேபம் நிலைக்கும். ஒரு புதிய பார்வையைக் கொண்டு வந்தால் அது விழுந்துவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் ராஜ விசுவாசத்தைப் பற்றியது. ஒரு நாட்டின் பிரஜைகளுடைய வீட்டுக்குள் வேறொரு நாட்டின் பிரதிநிதி புகுவதா என்று கேட்கிறார்கள். இதற்குச் சரித்திரத்தில் ஒரு தெளிவான விடை உண்டு. 1950 ஆகஸ்டு 23ஆம் தேதியன்று, இஸ்ரேலின் பிரதம மந்திரி டேவிட் பென் குரியனும் அமெரிக்க யூதக் குழுவின் தலைவர் ஜேக்கப் பிளாஸ்டீனும் எருசலேமில் சந்தித்து ஓர் உடன்பாட்டை வெளியிட்டார்கள். அமெரிக்க யூதர்களின் அரசியல் விசுவாசம் அமெரிக்காவுக்கே உரியது என்றும், இஸ்ரேல் தன் சொந்தப் பிரஜைகளின் சார்பில் மாத்திரமே பேசும் என்றும் பென் குரியன் அதில் ஒப்புக் கொண்டார். சிறிய ராஜ்யம் ஒன்று தன் பிறப்பின் உற்சாகத்தில் எல்லை மீறாமல் கூறிய அச்சொற்கள் இன்றும் நல்ல வழிகாட்டி. விருந்தாளியாக வரும் பிள்ளை உறவினனே தவிர, அதிகாரியல்லன்.

மூன்றாவது ஆட்சேபம் எல்லாவற்றிலும் கனமானது: இது பிரசாரம் என்பது. 2018இல் இஸ்ரேல் சட்டசபை, யூத தேசிய ராஜ்யம் பற்றிய அடிப்படைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அரபு பாஷைக்கு இருந்த ஆட்சி மொழி அந்தஸ்தை அதுவே குறைத்தது. சிதறி வாழும் யூதர்களுக்கும் ராஜ்யத்துக்கும் உள்ள பற்றை, அவர்கள் வாழும் நாடுகளில் பலப்படுத்த ராஜ்யம் முயல வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சட்டம் பயின்றோர் இவ்வாசகத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். பற்று அங்கே வளர்க்கப்பட வேண்டுமாம்; இங்கே கற்றுக் கொள்ள வேண்டியது ஏதுமில்லை போலும்! வெளிநாட்டு யூதர் பலரும் விரும்பிய ஓர் ஏற்பாடு, எருசலேமின் மேற்குச் சுவர் அருகே ஆண்களும் பெண்களும் சேர்ந்து வழிபட ஒரு முறையான இடம் அமைப்பது. அதை மந்திரிசபை 2016 ஜனவரியில் அங்கீகரித்து, 2017 ஜூனில் நிறுத்தி வைத்தது. கொடுக்க விரும்புவோர் கேட்கவும் வேண்டும். அவ்வாறன்றி வாலிபர்களை மாத்திரம் அனுப்பிக் கொண்டிருந்தால், பிரசாரம் என்ற பழி ஒட்டிக் கொள்வதில் வியப்பில்லை.

மேலும், வீட்டாரின் சொந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள். இஸ்ரேல் பிரஜைகளில் ஐந்தில் ஒரு பங்கினர் அரபியர். அவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று கேட்பார்கள். மேற்குக் கரை 1967 முதல் ராணுவ ஆட்சியின் கீழ் இருப்பது எதனால், அது எப்போது முடியும் என்று கேட்பார்கள். இக்கேள்விகளுக்கு மந்திரிகளே விடை கூற முடியாமல் தவிக்கும்போது, 18 வயதுப் பிள்ளையைப் பீடத்தில் ஏற்றி விடை சொல்லச் சொல்வது கொடுமை. இப்பிள்ளை அரசாங்கத்தைத் தேர்ந்தெடுத்தவனல்லன். சிலர் ஒரு முறைகூட வாக்களித்திராதவர்கள்.

இவ்வாறு கூறும்போது 2023ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தை நாம் மறக்க முடியாது. அந்த ஆண்டின் தொண்டர்கள் வீடுகளுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் படையினர் தெற்கு இஸ்ரேலில் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைச் சிறை பிடித்துச் சென்றார்கள். அதன் பின் மூண்ட போரில் காஸாவில் குழந்தைகளும் ஸ்திரீகளும் உட்படப் பல்லாயிரம் பாலஸ்தீனியர் மாண்டார்கள், ஊர்கள் தரைமட்டமாயின. சின்னஞ்சிறு தேசத்தில் துக்கம் எல்லா வீட்டையும் எட்டும். கடலுக்கு அப்பால் அயல் வீட்டின் மேல்மாடி அறையில் இருந்த பிள்ளைகள், சிநேகிதர்களின் பெயரைத் தேடித் தொலைபேசியைப் பார்த்தபடி இரவுகளைக் கழித்தார்கள். அவர்களது தாயார் பக்கத்தில் இல்லை. அந்த இரவுகளில் கதவைத் தட்டி ஒரு கோப்பை தேநீர் கொண்டு போய்க் கொடுக்க இருந்தவள், சில வாரங்களுக்கு முன்வரை முகமறியாத ஒரு வீட்டுக்காரியே. இம்முயற்சியின் பயன் எங்கே விளைகிறது என்று கேட்போருக்கு இதைக் காட்டிலும் வேறு விடை நமக்குத் தெரியவில்லை.

இந்த விருந்தோம்பலை மற்ற விருந்துகளினின்று பிரிக்கும் உண்மை ஒன்றுண்டு. விருந்து முடிந்ததும் இவ்விருந்தாளி போகும் இடம் பட்டாளம். கோடையில் பெட்டியைக் கட்டி விடைபெறும் பையன் சில மாதங்களுக்குள் துப்பாக்கி ஏந்துவான். வருஷம் முழுவதும் குழந்தைகளுக்கு ஆட்டமும் பாட்டும் கற்பித்தவள் ராணுவ உடை அணிவாள். அது முதல் அவ்வீட்டார் செய்தித்தாளைப் பழைய கண்ணோடு படிக்க இயலாது. ‘இத்தனை வீரர்கள்’ என்ற எண்ணிக்கைக்குப் பின்னே தங்கள் மேஜையில் உண்ட ஒரு முகம் தெரியும். அவ்வாறு முகம் தெரியப் பெற்றவர்கள், எல்லைக்கு அப்பால் காஸாவில் ஓர் எண்ணாக மாத்திரம் வெளிவரும் பிள்ளைக்கும் ஒரு முகமும் ஒரு தாயும் உண்டு என்பதை நினைக்கக் கடமைப்பட்டவர்கள். ஒரு வீட்டுப் பிள்ளையை நேசித்ததனால் மற்றோர் வீட்டுப் பிள்ளையின் மேல் நெஞ்சு இறுகிப் போகுமாயின், அந்த விருந்தோம்பல் பழுதுபட்டதாகும்.

ஆகவே வீட்டாரின் கடமை யாது? அப்பிள்ளையைக் கௌரவ விருந்தினராக அன்றி வீட்டுப் பிள்ளையாக நடத்துவது முதற் கடமை. வாயிற் சாவியைக் கையில் கொடுக்க வேண்டும். உண்ட தட்டைக் கழுவவும் சொல்ல வேண்டும். கூலியில்லாத தாதியாக அவளைக் கருதித் தம் குழந்தைகளை அவள் தலையில் கட்டுவதும் தவறு. கண்ணாடிப் பாத்திரம் போல் அலமாரியில் வைத்துப் பார்ப்பதும் தவறு. அவளை ராஜ்யத்தின் வக்கீலாக மேடையேற்றாதிருப்பது இரண்டாவது. தன் ஊரைப் பற்றி, தன் பள்ளியைப் பற்றி, தன் பாட்டனார் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதைப் பற்றி அவள் பேசட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கட்டும். தம் சமூகத்திலுள்ள கருத்து வேற்றுமைகளை அவளிடமிருந்து மறைக்காதிருப்பது மூன்றாவது. இஸ்ரேல் சர்க்காரின் கொள்கையைக் கண்டிக்கும் யூதரும் அவ்வூரில் இருப்பார்கள். அவர்களும் அம்மேஜைக்கு அழைக்கப்பட வேண்டும். தன் தேசத்தை நேசித்துக் கொண்டே கண்டிக்கவும் முடியும் என்பதை வாலிப வயதில் நேரில் கண்டவர் அதை எந்நாளும் மறவார்.

அனுப்பும் ஸ்தாபனத்துக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வரும் பிள்ளைகளை எத்தனை குழந்தைகளுக்குக் கற்பித்தீர்கள் என்று மாத்திரம் கேட்பது போதாது. அங்கே என்ன கற்றீர்கள், அங்குள்ளவர்கள் நம்மைப் பற்றி என்ன வருந்துகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கேட்டதை ஆட்சி பீடத்தின் காதில் போடவும் வேண்டும். போகும்போது ஆசிரியர்களாகவும் வரும்போது சாட்சிகளாகவும் இருக்கக் கூடியவர்கள் இவர்கள். சாட்சியைக் கூண்டுக்கு அழையாமல் வழக்கை முடிப்பது நியாயமாகாது.

ஒரு தேசம் தன் பிள்ளைகளை அயலாரின் வீட்டில் ஒரு வருஷம் ஒப்படைப்பதென்றால், அவ்வயலாரிடம் அதற்குள்ள நம்பிக்கைக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை. அதைப் பெற்றுக் கொண்டவர்கள் அந்தப் பிள்ளையைக் கொடியாகவும் ஆயுதமாகவும் ஆக்காமல், வந்த போதினும் சற்று விரிந்த நெஞ்சுடைய மனிதனாக அனுப்பி வைப்பார்களாயின், தம் உறவினருக்கும் உலகத்துக்கும் செய்ய வேண்டியதைச் செய்தவர்களாவார்கள்.